6.5 சதவீதம் என்று மட்டும் போட்டால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சர்வதேச நிதியம் ஏப்ரலிலும் அக்டோபரிலும் உலகப் பொருளாதார அறிக்கையை வெளியிடுகிறது. ஜனவரியிலும் ஜூலையிலும் அதைத் திருத்துகிறது. உலக வங்கியின் கணிப்பு ஜனவரியிலும் ஜூனிலும் வருகிறது. ரிசர்வ் வங்கியின் நிதிக் கொள்கைக் குழு ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது; கூடும்போதெல்லாம் நாட்டின் பொருளாதார வளர்ச்சிக்கு ஓர் எண் சொல்கிறது. இடையில் தரநிர்ணய நிறுவனங்கள், தரகு நிறுவனங்கள் வேறு. ஆகவே 'வளர்ச்சி 6.5 சதவீதமாக இருக்கும்' என்றோ, '6.3 ஆகக் குறைப்பு' என்றோ வணிகப் பக்கத்தில் மாதம் தவறாமல் ஒரு தலைப்பு வந்துவிடுகிறது. செய்தியின் அடியில் பெரும்பாலும் ஒரு வரி தொங்கும்: 'இதனால் பங்குச் சந்தையில் ஏற்றம் எதிர்பார்க்கப்படுகிறது.'

அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். பங்கு வாங்கி விற்க டிமேட் கணக்கு வைத்திருப்பவர் அதைப் படித்துவிட்டு மறுநாள் சந்தை திறந்ததும் வாங்கவோ விற்கவோ உட்காருகிறார். ஆனால் அந்தக் கணிப்பு அவருக்காகப் போடப்பட்டதே இல்லை. வரி வசூல் எவ்வளவு வரும் என்று நிதியமைச்சகம் கணக்குப் போட அது வேண்டும். வட்டியைக் கூட்டுவதா குறைப்பதா என்று மத்திய வங்கி முடிவெடுக்க அது வேண்டும். பங்கு வைத்திருப்பவருடைய கேள்வி வேறு: நான் கொடுக்கும் விலைக்கு என் கம்பெனி எவ்வளவு சம்பாதித்துத் தரும்? நாட்டின் வளர்ச்சி விகிதத்திலிருந்து இந்தக் கேள்விக்கு நேர்வழி கிடையாது. வழியில் நாலைந்து திருப்பங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் எண் தடம் மாறுகிறது.

2020-ஐ எடுத்துக்கொள்வோம். இந்தியாவின் 2020-21 நிதியாண்டு பற்றி சர்வதேச நிதியம் அந்த ஏப்ரலில் சொன்னது 1.9 சதவீத வளர்ச்சி. ஜூனில் அது மைனஸ் 4.5 ஆனது. அக்டோபரில் மைனஸ் 10.3. ஆறு மாதத்தில் பன்னிரண்டு புள்ளிக்கும் மேல் சரிவு. அதே ஆறு மாதத்தில் சென்செக்ஸ் என்ன செய்தது? மார்ச் 23 அன்று 25,981-ல் முடிந்திருந்தது. ஏப்ரல் கணிப்பு வந்தபோது 30,000 புள்ளிகளை ஒட்டி இருந்தது. ஜூன் கணிப்பின்போது 34,000-க்கு மேல். மைனஸ் 10.3 வந்த அக்டோபரில் 40,000-ஐத் தாண்டியிருந்தது. 2021 ஜனவரி 21 அன்று முதன்முறையாக 50,000-ஐத் தொட்டது. கணிப்பு ஒவ்வொரு படியாக இறங்க, சந்தை ஒவ்வொரு படியாக ஏறியது. கணிப்பைப் பார்த்து விற்றவர் ஒவ்வொரு முறையும் அதற்கு முந்தைய முறையைவிட மேலான விலையில் விற்றிருப்பார்; திரும்ப வாங்க மட்டும் வழியே இருந்திருக்காது.

சந்தைக்குப் பைத்தியம் பிடித்ததாக அப்போது பலர் எழுதினார்கள். அப்படி இல்லை. ஒரு பங்கு அதன் ஓராண்டு லாபத்தைப்போல் 20 மடங்கு விலையில் இருக்கிறது என்று வையுங்கள். ஓராண்டு லாபம் முழுவதுமே போய்விட்டாலும், அதற்கடுத்த ஆண்டுகள் பழையபடி திரும்பும் என்று நம்பினால், போவது மதிப்பில் இருபதில் ஒரு பங்குதான், அதாவது 5 சதவீதம். மார்ச் மாதச் சரிவு அதைவிடப் பல மடங்கு பெரிது. கூடவே ரிசர்வ் வங்கி, தான் வங்கிகளுக்குத் தரும் கடனுக்கான ரெப்போ வட்டியை 5.15-லிருந்து இரண்டே மாதத்தில் 4 சதவீதத்துக்குக் கொண்டுவந்தது. பட்டியலில் உள்ள பெரிய கம்பெனிகள் செலவைச் சுருக்கின. மூடிய சிறு போட்டியாளர்களின் வியாபாரத்தையும் எடுத்துக்கொண்டன. நாட்டின் மொத்த உற்பத்தியான ஜிடிபி கணக்கில் இரண்டு தரப்பும் உண்டு. சென்செக்ஸில் இருப்பவை முப்பது பெரிய கம்பெனிகள் மட்டும்.

சந்தை முந்தும், புள்ளிவிவரம் பின்னால் வரும் என்பது எல்லா நாட்டுக்கும் பொது. அமெரிக்காவில் பொருளாதார மந்தம் 2007 டிசம்பரிலேயே தொடங்கிவிட்டது என்று அதற்கென உள்ள குழு அறிவித்தது 2008 டிசம்பர் 1 அன்று. அந்த மந்தம் 2009 ஜூனில் முடிந்தது என்று அறிவித்தது 2010 செப்டம்பரில். அந்நாட்டுப் பங்குச் சந்தையின் எஸ் அண்ட் பி 500 குறியீடு தரை தட்டியதோ 2009 மார்ச் 9 அன்று: மந்தம் முடிவதற்கு மூன்று மாதம் முன்பு, முடிந்துவிட்டது என்று சொல்வதற்கு ஒன்றரை ஆண்டு முன்பு.

ஜப்பான் கதை இன்னும் விசித்திரம். 2024 பிப்ரவரி 15 அன்று, தொடர்ந்து இரண்டாவது காலாண்டாகப் பொருளாதாரம் சுருங்கியதாக அரசு அறிவித்தது. 'ஜப்பான் மந்தத்தில் விழுந்தது' என்று உலகெங்கும் தலைப்பு. சரியாக ஒரு வாரம் கழித்து, பிப்ரவரி 22 அன்று, அந்நாட்டுப் பங்குச் சந்தையின் நிக்கேய் குறியீடு 1989 டிசம்பரில் தொட்ட உச்சத்தை 34 ஆண்டுகளுக்குப் பிறகு தாண்டியது. மார்ச் 11 அன்று அதே அரசு கணக்கைத் திருத்தி, சுருங்கியதாகச் சொன்ன இரண்டாவது காலாண்டு உண்மையில் சற்று வளர்ந்திருக்கிறது என்றது. மந்தமே இல்லை! இந்தத் திருத்தம் எத்தனை பத்திரிகைகளில் முதல் செய்தியின் அளவுக்கு வந்தது என்று தேடிப் பார்க்கலாம்.

திருத்தம் என்றதும் நினைவுக்கு வருவது நம் நாட்டின் 2023-24. அந்த ஆண்டு தொடங்கும் ஏப்ரலில் ரிசர்வ் வங்கி சொன்னது 6.5 சதவீதம், சர்வதேச நிதியம் சொன்னது 5.9. ஜனவரியில் புள்ளியியல் அலுவலகத்தின் முதல் முன்கூட்டிய மதிப்பீடு 7.3. பிப்ரவரி இறுதியில் 7.6. மே மாதத் தற்காலிக மதிப்பீட்டில் 8.2. 2025 பிப்ரவரியில் திருத்தியபோது 9.2. கணிப்பு மட்டுமல்ல, முடிந்துபோன ஆண்டின் கணக்கே இரண்டு ஆண்டுகள் நகர்ந்துகொண்டிருக்கிறது. 2020-21-ம் அப்படித்தான்: மைனஸ் 7.7, மைனஸ் 8.0, மைனஸ் 7.3, மைனஸ் 6.6, கடைசியில் மைனஸ் 5.8. இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. முதல் மதிப்பீடு போடும்போது ஆண்டின் கடைசி மாதங்கள் முடிந்திருக்காது. கம்பெனிகளின் முழுக் கணக்கு வந்திருக்காது. அமைப்புசாராத் தொழில்களின் நிலையை வேறு குறியீடுகளை வைத்து ஊகித்திருப்பார்கள். அவை வர வர எண் மாறும். ஆனால் 6.5-க்கும் 6.3-க்கும் உள்ள 0.2 புள்ளி வித்தியாசத்தைத் தலைப்பாக்கும்போது, அந்த எண்ணே பின்னால் இரண்டு மூன்று புள்ளி நகரக்கூடியது என்பது வாசகருக்குத் தெரிய வேண்டாமா?

கணிப்பாளர்கள் பெரிதும் கோட்டைவிடுவது திருப்புமுனைகளில்தான். 1992 முதல் 2014 வரை 63 நாடுகளை எடுத்து, ஆண்டுக் கணக்கில் பொருளாதாரம் சுருங்கிய 153 நிகழ்வுகளைச் சர்வதேச நிதியத்தின் பொருளாதார அறிஞர்களே ஆராய்ந்தார்கள். முந்தைய ஆண்டு ஏப்ரலில் தனியார் கணிப்பாளர்களின் சராசரி முன்கூட்டிச் சொன்னது 5-ஐ மட்டும். எதிர்த் திசையிலும் தவறு உண்டு. அமெரிக்காவில் அடுத்த 12 மாதத்துக்குள் மந்தம் வருவது 100 சதவீதம் உறுதி என்று 2022 அக்டோபரில் ஒரு பிரபல மாதிரிக் கணக்கு சொன்னது. மந்தம் வரவில்லை. அந்த அக்டோபர் 12-ம் தேதிதான் எஸ் அண்ட் பி குறியீட்டின் அடிமட்டமாக அமைந்தது. 2023-ல் அது சுமார் 24 சதவீதம் ஏறியது. நல்ல காலம் தொடரும்போது கணிப்பு சரியாக இருக்கும். அப்போது நமக்கு அது தேவையில்லை. தேவைப்படும் நேரத்தில் கைவிட்டுவிடும்.

சரி, கணிப்பு துல்லியமாகவே பலித்தது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் எந்த எண் என்று கேட்க வேண்டும். தலைப்பில் வருவது விலைவாசி ஏற்றத்தைக் கழித்த நிகர வளர்ச்சி. கம்பெனி பில் போடுவது அன்றைய விலையில். 2024 மே மாதக் கணக்கின்படி, 2022-23-ல் நிகர வளர்ச்சி 7.0 சதவீதம், விலைவாசியும் சேர்ந்த வளர்ச்சி 14.2 சதவீதம். 2023-24-ல் நிகர வளர்ச்சி 8.2, விலைவாசி சேர்ந்தது 9.6. தலைப்பைப் பார்த்தால் இரண்டாவது ஆண்டு மேல். கம்பெனிகளின் விற்பனைத் தொகைக்கும் வங்கிகளின் கடன் தொகைக்கும் முதல் ஆண்டின் காற்றுதான் பலம். ஆனால் இங்கேயும் ஒரு முடிச்சு: 2023-24-ல் மொத்த விலைக் குறியீட்டின் ஏற்ற விகிதம் பல மாதங்கள் பூஜ்யத்துக்குக் கீழே கிடந்தது. மூலப்பொருள் மலிந்ததால், விற்பனை மெதுவாக வளர்ந்தும் பல உற்பத்திக் கம்பெனிகளின் லாப விகிதம் கூடியது. ஒரே புள்ளிவிவரம் விற்பனை வரிக்கு ஒன்று சொல்லும், லாப வரிக்கு வேறொன்று சொல்லும்.

அதே ஆண்டின் அக்டோபர்-டிசம்பர் காலாண்டில் ஜிடிபி வளர்ச்சி 8.4 சதவீதம் என்று முதலில் அறிவித்தார்கள். ஆனால் மொத்த மதிப்புக் கூட்டல், அதாவது எல்லாத் தொழில்களும் உற்பத்தியில் சேர்த்த மதிப்பு, வளர்ந்தது 6.5 தான். நடுவில் இருந்த 1.9 புள்ளி எங்கிருந்து வந்தது? மதிப்புக் கூட்டலோடு மறைமுக வரியைக் கூட்டி, மானியத்தைக் கழித்தால் வருவது ஜிடிபி. மானியச் செலவு குறைந்து வரி வசூல் கூடினால் ஜிடிபி உயரும். அதனால் ஒரு சிமென்ட் மூட்டைகூடக் கூடுதலாக விற்பதில்லை. இரண்டு எண்ணும் ஒரு புள்ளிக்கு மேல் பிரிந்து நின்றால், முதலீட்டாளர் பார்க்க வேண்டியது மதிப்புக் கூட்டலைத்தான்.

ஒப்பீட்டு அடிப்படையும் ஏமாற்றும். 2021 ஏப்ரல்-ஜூனில் 20.1 சதவீத வளர்ச்சி என்று கொட்டை எழுத்தில் வந்தது. முந்தைய ஆண்டு அதே காலாண்டில் 24.4 சதவீதம் விழுந்திருந்தது. 100 என்பது 75.6 ஆகி, அதிலிருந்து 20.1 சதவீதம் ஏறினால் 90.8. இரண்டு ஆண்டுக்கு முன்பிருந்த இடத்தைவிட இன்னும் 9 சதவீதம் கீழே. நாட்டுக்கு நாடு கணக்கு முறையும் வேறு. 2020 ஏப்ரல்-ஜூனில் அமெரிக்காவுக்கு மைனஸ் 32.9, இந்தியாவுக்கு மைனஸ் 23.9 என்று முதலில் வந்தன. அருகருகே வைத்தால் அமெரிக்காதான் மோசம் என்று தோன்றும். அமெரிக்க எண், ஒரு காலாண்டின் சரிவு ஓராண்டு முழுக்க அதே வேகத்தில் தொடர்ந்தால் என்ற கணக்கு. உண்மைச் சரிவு சுமார் 9.5 சதவீதம். நம்முடையது முந்தைய ஆண்டின் அதே காலாண்டோடு ஒப்பிட்டது.

இனி கம்பெனிக்குள் போவோம். விற்பனை 1,000 கோடி உள்ள ஓர் ஆலை. விற்பனையோடு சேர்ந்து ஏறி இறங்கும் மூலப்பொருள் முதலான செலவு 600 கோடி. ஆலை ஓடினாலும் ஓடாவிட்டாலும் வருகிற சம்பளம், தேய்மானம், வட்டி 300 கோடி. லாபம் 100 கோடி. விற்பனை 10 சதவீதம் வளர்ந்தால்: 1,100 கழித்தல் 660 கழித்தல் 300, லாபம் 140. நாற்பது சதவீத ஏற்றம். விற்பனை 7 சதவீதம்தான் வளர்ந்தது என்றால் லாபம் 128. ஐந்து சதவீதம் விழுந்தால் 80, அதாவது இருபது சதவீத இறக்கம். பக்கத்திலேயே ஒரு விநியோக நிறுவனம்: விற்பனை 1,000, மாறும் செலவு 850, நிலையான செலவு 50, லாபம் அதே 100. விற்பனை 10 சதவீதம் கூடினால் இதன் லாபம் 115 தான். 5 சதவீதம் விழுந்தாலும் 92.5-ல் நிற்கும். ஒரே வளர்ச்சிக் கணிப்பு, ஒரே அளவு விற்பனை மாற்றம், இரண்டு வேறு விதி. சிமென்ட், எஃகு, விமானம், ஓட்டல், வணிக வாகனம் எல்லாம் முதல் ரகம். கணிப்பு குறைகிறது என்றால் முதலில் புரட்ட வேண்டிய பக்கம், தன்னிடம் உள்ள கம்பெனியின் நிலையான செலவும் கடனும் இருக்கும் பக்கம்தான்.

உள்நாட்டு வளர்ச்சியோடு அதிகம் ஒட்டாத கம்பெனிகளும் குறியீட்டில் கணிசமாக உண்டு. பெரிய ஐ.டி. நிறுவனங்களின் வருமானத்தில் பாதியோ அதற்கு மேலோ வட அமெரிக்காவிலிருந்து வருகிறது. அவற்றுக்கு இந்தியக் கணிப்பைவிட அங்குள்ள வங்கிகளின் செலவுத் திட்டம் முக்கியம். உலோகக் கம்பெனிகளின் விலை லண்டன் உலோகச் சந்தையில் நிர்ணயமாகிறது. மறுபக்கம், நாட்டின் உற்பத்தியில் பெரும் இடம் வகிக்கும் விவசாயம் குறியீட்டில் ஏறக்குறைய இல்லை. நல்ல மழையால் ஜிடிபி கூடினால் அது டிராக்டர், இருசக்கர வாகனம், நுண்கடன் வழியாகச் சுற்றித்தான் வரும். ஓரிரு காலாண்டு பிடிக்கும்.

பலரும் கவனிக்காத இன்னொரு கசிவு, புதிய பங்கு வெளியீடு. வேகமாக வளரும் நாட்டில் கம்பெனிகளுக்கு மூலதனப் பசி அதிகம். பங்குகளை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். மொத்த லாபம் 11 சதவீதம் வளர்ந்து, பங்குகளின் எண்ணிக்கை ஆண்டுக்கு 3 சதவீதம் கூடினால், ஒரு பங்குக்கான லாபம் 7.8 சதவீதம்தான் வளரும். இதற்கு மேல் வாங்கிய விலை. பங்குக்கு 10 லாபம், 24 மடங்கு விலை, அதாவது 240-க்கு வாங்கியதாக வைப்போம். ஐந்தாண்டில் லாபம் சுமார் 14.5 ஆகிறது. அப்போது சந்தை 20 மடங்குதான் தருகிறது என்றால் விலை சுமார் 291. ஆண்டுக்கு 3.9 சதவீத ஆதாயம்; வங்கி வைப்பு இதைவிட மேல். இன்னொரு நாடு: லாபம் 8 சதவீதம்தான் வளர்கிறது, புதிய பங்கு இல்லை, வாங்கியது 12 மடங்கில், ஐந்தாண்டு கழித்து 15 மடங்கு. ஆண்டுக்குச் சுமார் 12.9 சதவீதம். மெதுவாக ஓடிய குதிரை ஜெயித்துவிட்டது, ஏனெனில் சீட்டு மலிவு.

கற்பனைக் கணக்கு என்று தள்ள வேண்டாம். ஷாங்காய் குறியீடு 2007 அக்டோபரில் 6,000 புள்ளிகளைத் தாண்டியது. அதற்குப் பிறகு சீனாவின் பொருளாதாரம் அந்நாட்டு நாணயக் கணக்கில் நான்கு மடங்குக்கும் மேல் பெருகியிருக்கிறது. அந்த உச்சம் 2025 வரை திரும்பவில்லை. சீனாவின் வளர்ச்சியைக் கணித்தவர்கள் தவறவில்லை. அந்தக் கணிப்பை நம்பி அன்றைய விலையில் வாங்கியவர்கள்தான் நஷ்டத்திலிருந்து தப்பவில்லை. 16 நாடுகளின் 1900 முதல் 2002 வரையான தரவை எடுத்துப் பேராசிரியர் ஜே ரிட்டர் 2005-ல் செய்த ஆய்வில், தலா வருமான வளர்ச்சிக்கும் பங்கு ஆதாயத்துக்கும் உள்ள தொடர்பு எதிர்மறையாகவே வந்தது.

அப்படியானால் கணிப்பைப் படிக்கவே வேண்டாமா? படிக்க வேண்டும், வேறு விதமாக. பங்கு விலையில் ஏற்கெனவே எல்லோரும் எதிர்பார்க்கும் எண் ஏறியிருக்கிறது. 6.5 என்பது அதிகமா குறைவா என்பது கேள்வி இல்லை. நேற்றுவரை எதிர்பார்த்தது எவ்வளவு என்பதுதான் கேள்வி. 6.8 எதிர்பார்த்த இடத்தில் 6.5 வந்தால் சந்தை இறங்கலாம், 6.2 எதிர்பார்த்த இடத்தில் அதே 6.5 வந்தால் ஏறலாம். அதற்கடுத்து, எண் ஏன் மாறியது என்று பாருங்கள். தனியார் நுகர்வா, அரசின் மூலதனச் செலவா, ஏற்றுமதியா? அரசு சாலையிலும் ரயிலிலும் செலவைக் கூட்டியதால் கணிப்பு ஏறினால் பலன் கட்டுமான ஒப்பந்தக் கம்பெனிகளுக்குப் போகும். சோப்பு விற்பவருக்கு அல்ல.

என்னைக் கேட்டால், வளர்ச்சி எண்ணைவிட அதே அறிக்கையின் பணவீக்கக் கணிப்பைத்தான் முதலில் படிப்பேன். காரணம் வட்டி. எளிய கணக்கு: முதலீட்டாளர்கள் 11 சதவீத ஆதாயம் கேட்கிறார்கள், லாபம் நீண்ட காலத்துக்கு 6 சதவீதம் வளரும் என்றால், இடைவெளி 5; நூறை ஐந்தால் வகுத்தால், ஒரு ரூபாய் வரவுக்கு 20 மடங்கு விலை. பத்திர வட்டி ஏறியதால் அவர்கள் 12 கேட்கத் தொடங்கினால் இடைவெளி 6, விலை 16.7 மடங்கு. வளர்ச்சியில் எதுவும் மாறாமலேயே ஆறில் ஒரு பங்கு மதிப்பு போய்விட்டது. நல்ல வளர்ச்சி எண் வந்த நாளில் சந்தை சரிவதும், மோசமான எண் வந்த நாளில் ஏறுவதும் பலமுறை இதனால்தான். இந்தியாவில் பணவீக்க இலக்கு 4 சதவீதம், இரு பக்கமும் 2 புள்ளி வரை இடம். அடுத்த ஆண்டின் காலாண்டுக் கணிப்புகள் 4-ஐ நோக்கிப் போகின்றனவா, விலகிப் போகின்றனவா என்பது 10 ஆண்டு அரசுப் பத்திரத்தின் வட்டியில் தெரியும். கணிப்பு வந்த அன்று அந்த வட்டி அசையவில்லை என்றால், புதிதாக எதுவும் சொல்லப்படவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

செய்யக்கூடாதது, கணிப்பை வைத்துச் சந்தைக்குள்ளும் வெளியிலுமாகப் போய்வருவது. வெளியேறும் முடிவு ஒன்று, திரும்பி வரும் முடிவு இன்னொன்று. இரண்டிலும் தனித்தனியாக 60 சதவீதம் சரியாக இருக்கும் கெட்டிக்காரர்கூட, இரண்டும் சேர்ந்து சரியாக அமைவது 36 சதவீதம்தான். வரி, தரகு, முத்திரைத் தீர்வை தனி.

இதற்குப் பதிலாக ஒரு விகிதத்தை முன்கூட்டியே எழுதி வைக்கலாம். பத்து லட்சத்தில் பங்கு 6, கடன் பத்திரமும் வைப்பும் 4 என்று வையுங்கள். விகிதம் 5 புள்ளிக்கு மேல் விலகினால் மட்டும் சரிசெய்வது என்று விதி. பங்குகள் 25 சதவீதம் விழுந்தால் பங்கு 4.5 லட்சம், மொத்தம் 8.5, பங்கின் விகிதம் 53-க்கும் கீழே வந்துவிட்டது. மறுபடி 60 ஆக்க 60,000 ரூபாயைக் கடன் பக்கத்திலிருந்து பங்குக்கு நகர்த்த வேண்டும். கணிப்புகள் இருண்டு கிடக்கும் நேரத்தில் இந்த விதி உங்களை வாங்க வைக்கும். எல்லோரும் 8 சதவீத வளர்ச்சி பேசும்போது விற்க வைக்கும். மூன்று ஆண்டுக்குள் தேவைப்படும் பணம் இந்தக் கணக்குக்குள்ளேயே வரக்கூடாது. அந்தப் பணத்தைப் பங்கில் போட்டவர்தான் ஒவ்வொரு கணிப்புக்கும் பதறுகிறார். அவருடைய சிக்கல் கணிப்பில் இல்லை. மியூச்சுவல் ஃபண்டில் மாதத் தவணையாக எஸ்.ஐ.பி. போடுபவர் கணிப்பு குறைந்தது என்று தவணையை நிறுத்துவதும் இதே ரகம்: மலிவாக யூனிட் கிடைக்கும் மாதங்களைத்தான் அவர் தவறவிடுகிறார்.

தனிப் பங்குகள் வைத்திருப்பவருக்கு, நாட்டுக் கணிப்பைவிட நம்பகமான கணிப்பு அந்தந்தக் கம்பெனியின் காலாண்டு முடிவில் கிடக்கிறது. விற்பனை வளர்ச்சி 9 சதவீதம் என்றால், அதில் அளவு எவ்வளவு, விலையேற்றம் எவ்வளவு? அளவு தொடர்ந்து இரண்டு காலாண்டு சுருங்கினால், ஜிடிபி என்ன சொன்னாலும் அந்தத் துறையில் மந்தம்தான். ஒப்பந்தக் கம்பெனி என்றால் கையிருப்பு ஆர்டர் ஆண்டு விற்பனையைப்போல் எத்தனை மடங்கு? வங்கி என்றால் புதிதாக வாராக்கடனானது எவ்வளவு? கடனாளியிடம் பணம் வருவது எத்தனை நாள் தள்ளிப்போகிறது? பொருளாதாரம் சுணங்குவது கணிப்பில் தெரிவதற்கு முன்பே இந்த வரிகளில் தெரியும்.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். கணிப்புச் செய்தி போடும்போது பக்கத்தில் ஒரு சிறு கட்டம் கட்டுங்கள். எண் எந்தக் காலத்துக்கு, நிதியாண்டா நாட்காட்டி ஆண்டா, எதோடு ஒப்பிட்டது என்பது முதலில். விலைவாசி சேர்ந்த வளர்ச்சியும் பணவீக்கக் கணிப்பும் அடுத்து. இதே அமைப்பு போன முறை என்ன சொன்னது, சந்தை என்ன எதிர்பார்த்தது என்பது மூன்றாவது. நான்காவது, வீச்சு: ரிசர்வ் வங்கி ஏப்ரல், அக்டோபர் நிதிக் கொள்கை அறிக்கைகளில் விசிறி போன்ற ஒரு படம் போடுகிறது. 50, 70, 90 சதவீத வாய்ப்புள்ள எல்லைகள் அதில் நிழலிட்டுக் காட்டப்பட்டிருக்கும். தலைப்புக்கு எடுக்கப்படும் எண் அந்த விசிறியின் நடுக்கோடு மட்டும்தான். படத்தையே அப்படியே அச்சிட்டால் நூறு சொல் மிச்சம். 'இதனால் சந்தை ஏறும்' என்ற வரியை எடுத்துவிட்டால் இடமும் கிடைக்கும்.

இன்னொன்றும் உண்டு. ஒவ்வோர் ஆண்டும் தற்காலிக மதிப்பீடு வரும் அன்று, முந்தைய ஆண்டு ஏப்ரலில் யார் யார் என்ன சொன்னார்கள் என்ற பட்டியலை அதன் பக்கத்தில் வெளியிடலாம். சர்வதேச நிதியம், உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி, ரிசர்வ் வங்கி, இரண்டு மூன்று தரநிர்ணய நிறுவனங்கள். பழைய இதழ்களைப் புரட்டினால் உங்கள் அலுவலகத்திலேயே எல்லாம் கிடைக்கும். கால் பத்தி போதும்.

இப்படிக்கு,
வணிகப் பக்க வாசகர்